தஞ்சை அரசியார் காமாட்சி பாய்

ஜான்சி ராணியின் வீரத்தை அறியாத மாணவி நம்மிடையே இருக்க மாட்டாள். வாரிசு இல்லை என்று காரணம் கூறி அவருடைய நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பறித்த கதையை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதே காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் ஓர் அரசியாருக்கு அதே துன்பம் நேர்ந்தது. அவர் வாள் ஏந்தவில்லை. நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவரே தஞ்சை அரசியார் காமாட்சி பாய்.

தஞ்சை மராத்தியர்களுக்கும் நம் ஆரணிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆரணி ஜாகீரைத் தொடங்கிய வேதாஜி பாஸ்கர் பந்த், சத்ரபதி சிவாஜியின் தந்தையான சாஹாஜியிடம் பணிபுரிந்தவர். அந்தச் சாஹாஜியின் மற்றொரு மகனான வெங்கோஜியே 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் மராத்திய அரசை நிறுவினார்.

அந்த மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே அவரிடம் எஞ்சின. அவருக்குப் பின் 1832இல் அவர் மகன் சிவாஜி அரியணை ஏறினார். சிவாஜி மன்னரின் அரசியர் பலருள் மூத்தவர் காமாட்சி பாய்.

1855 அக்டோபர் 29ஆம் நாள் மன்னர் மறைந்தார். பெண் மக்கள் இருந்தனர். ஆண் வாரிசு இல்லை. பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்று கூறித் தஞ்சை அரசே முடிந்துவிட்டதாகக் கம்பெனியார் அறிவித்தனர். அதோடு நின்றார்களா? மறு ஆண்டு அக்டோபரில் படைவீரர்களுடன் அரண்மனைக்கு வந்து, மன்னரின் சொந்தச் சொத்துகளுக்கும் முத்திரை வைத்தனர். நகைகள், நிலங்கள் மட்டுமின்றி, ஓலைச்சுவடிகள் நிறைந்த சரசுவதி மகால் நூலகமும் அரண்மனைச் செல்வங்களுள் ஒன்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணவரை இழந்த துயரம் ஒருபுறம். வீட்டிலுள்ள பொருளும் தமக்கில்லை என்ற நிலை மறுபுறம். அரண்மனைப் பெண்கள் வெளியே வந்து பேசாத காலம் அது. ஆயினும் அரசியார் சோர்ந்துவிடவில்லை. நாட்டை எடுத்துக் கொண்டாலும், கணவரின் சொந்தச் சொத்து இந்து சட்டப்படி மனைவியருக்கே உரியது என்று சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியார் மீதே வழக்குத் தொடுத்தார். அந்த நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

எதிர்த்தரப்பினர் விடவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அதற்குள் 1858இல் கம்பெனி ஆட்சி மறைந்து, இங்கிலாந்து அரசியாரின் ஆட்சி வந்திருந்தது. 1859இல் வெளிவந்த தீர்ப்பு காமாட்சி பாய்க்கு எதிராக அமைந்தது. ஓர் அரசு மற்றோர் அரசின்மீது எடுத்த நடவடிக்கையை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பதே நீதிபதிகள் கூறிய காரணம். ஆனால், அந்தச் சொத்துகளில் கம்பெனியாருக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது என்பது தங்களுக்கு விளங்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

வழக்கில் தோற்றும் அரசியாரின் முயற்சி வீண் போகவில்லை. 1862 ஆகஸ்டில் அரசாங்கம் சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டது. மூத்த அரசியார் நிர்வகிக்க வேண்டும். மற்ற அரசியரும் அதன் பயனைப் பெற அவர் வகை செய்ய வேண்டும். அரசியர் அனைவருக்கும் பின் அது மன்னரின் மகளைச் சேர வேண்டும் என்பது அந்த ஆணை. பறிபோன பட்டம் மட்டும் திரும்பவே இல்லை.

கதை இங்கே முடியவில்லை. தங்களுக்கும் சம உரிமை உண்டு என்று இளைய அரசியர் காமாட்சி பாய் மீதே வழக்குத் தொடுத்தனர். 1868இல் சென்னை உயர் நீதிமன்றம், நிர்வாகம் மூத்தவருக்கு, உரிமை அனைவருக்கும் என்று தீர்ப்பளித்தது. பிறரிடம் நியாயம் கேட்டவர், தம் வீட்டிலும் நியாயத்துக்குக் கட்டுப்பட வேண்டியவரானார். நமக்கு உரியதைக் கேட்கும்போதே பிறருக்கு உரியதையும் மறவாதிருக்க வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து கற்கிறோம்.

சரசுவதி மகால் 1918இல் பொதுமக்களுக்கு உரிய நூலகமாயிற்று. பெற்றோரின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்னும் சட்டம் 1989இல் தமிழ்நாட்டில் வந்தது. நம் ஊரில் தறி நெய்யும் வீடுகளில் பாவு போடுவதும் நூல் இழைப்பதும் பெண்களின் கைகளே. உழைப்பில் பங்கு உள்ளவளுக்கு உரிமையிலும் பங்கு உண்டு. அதைச் சண்டையின்றி, அச்சமுமின்றி, அறிவோடு கேட்கக் கல்வியே நமக்குத் துணை. நன்கு கற்போம், நியாயத்தின் பக்கம் நிற்போம்!