தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி

கிரேக்க நாட்டின் பழஞ்சரிதம் கற்போர் ஏதென்சையும் ஸ்பார்ட்டாவையும் வியந்து போற்றுவர். மலைகள் பிரித்த சிறு நிலங்களில் தனித்தனி ஆட்சி, ஓயாத போர், அவற்றினூடே அழியாத கலை. இவற்றை ஒத்த இயல்புகள் நம் தமிழகத்துச் சிற்றரசுகளிடமும் இருந்தன. அத்தகைய அரசொன்றின் தலைவனாய் விளங்கிய அதியமான் நெடுமான் அஞ்சியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இன்றைய தருமபுரியே அந்நாளைய தகடூர். அதனை ஆண்ட அதியர் குடியின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் எனப் புறநானூறு புகலும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிக்கின்றது. அதிலேயே யவன மன்னன் அந்தியோகன் பெயரும் உளது. இச்சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுநாள் விளங்கவில்லை. மராட்டியரிடையே வழங்கும் சாத்புதே என்னும் குடிப்பெயருடன் இணைத்துப் பார்த்த அறிஞரும் உண்டு. புனேயில் வாழும் நமக்கு இச்செய்தி சுவை தருவதன்றோ! 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஐயத்தைப் போக்கிற்று. சத்தியபுத்திரன் என்னும் பட்டத்துடன் அஞ்சியின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. துறவியர்க்கு அவன் உறைவிடம் ஈந்த செய்தியும் அதுவே.

அஞ்சி பெருவீரன். பகைவர் எழுவரை ஒருங்கே எதிர்த்து வென்றான், திருக்கோவலூரை அழித்தான். ஆயினும் அவன் புகழ் வாளினால் மட்டும் நிலைத்ததன்று. ஏதென்சில் குடிமக்கள் மன்றில் கூடி அரசியல் ஆய்ந்தனர். தகடூரில் அத்தகைய மன்றம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மன்னனிடம் அஞ்சாது பேசும் உரிமை புலவர்க்கு இருந்தது. பரிசில் தரக் காலந்தாழ்த்த அஞ்சியையே கடிந்து பாடினார் ஔவையார். அவரையே தொண்டைமானிடம் தூது விடுத்தான் அவன். காஞ்சியின் படைக்கலங்கள் நெய் பூசிப் பொலிவதையும், தன் தலைவனுடையவை போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் புகழ்வதுபோல் ஒப்பிட்டு, தகடூரின் வலிமையை நயமாக உணர்த்தினார் அம்மூதாட்டியார். செங்குத்தான மலைப்பிளவில் அரிதின் பெற்ற நெல்லிக்கனியை, நெடுவாழ்வு நல்கும் அதன் பயனைக் கூறாமலே, தான் உண்ணாது அவர்க்கு ஈந்தான் அஞ்சி.

பிற ஊரை எரித்தவனுக்கும் ஒரு நாள் வந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்தான். அவ்வெற்றியை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தில் பாடினார். மார்பில் வேல் தைக்க மாண்ட அஞ்சிக்கு நடுகல் நாட்டினர். ஔவையார் கதறி அழுதார். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் மறைந்து, சில பாடல்களே எஞ்சின.

கிரேக்க நகரங்களும் கி.மு. 431 முதல் 404 வரை தம்முள் பொருது நலிந்தன, கி.மு. 338இல் மாசிடோனியாவிடம் தோற்றன. சிறுமையால் அன்று, ஒற்றுமையின்மையாலேயே அவை வீழ்ந்தன. தகடூரும் கோவலூரும் கைகோத்திருப்பின் தமிழக வரலாறு வேறாகியிருக்கக் கூடும்.

விமான் நகரில் பல ஊர்களினின்றும் வந்து கூடியுள்ள நாம் அஞ்சியிடம் கற்கத்தக்கன இரண்டு. பகைத்து வென்ற வெற்றி நிலையாது. பகிர்ந்து அளித்த கனி நிலைக்கும். கோட்டை போயிற்று, நெல்லிக்கனியின் சுவை நம் மொழியில் இன்றும் இனிக்கின்றது. அச்சுவையை நம் சிறார்க்கு ஊட்டுவதே சங்கப் பணி. வாழிய தமிழ்!