சுர எழுத்தும் ஆபிரகாம் பண்டிதரும்

நம் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் சாலை என்று ஒரு சாலை உண்டு. மூன்று ஆண்டுகள் அவ்வழியே மிதிவண்டியில் போய் வந்தும், அப்பெயருக்குரியவர் ஒரு சித்த மருத்துவர் என்பதற்கு மேல் நான் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. அவரைப் பற்றிப் படிக்கத் தூண்டியது ஓர் அரைப்புள்ளி என்றால் நண்பர்கள் நகைப்பர்.

நான் கேள்வி ஞானத்தால் பாடிப் பழகியவன். ஒருநாள் கீதங்கள் அடங்கிய நூலொன்றை விரித்தேன். ஸ, ரி, க, ம என்ற எழுத்துகளுக்கிடையே காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கிடந்தன. இலக்கண வகுப்பில் கற்றபடி அவ்விடங்களில் நிறுத்தி மூச்சுவிட்டுப் பாடினேன். அண்டை வீட்டுப் பாட்டு வாத்தியார் சிரித்துவிட்டார். அங்கே நிற்கக் கூடாதாம், நீட்ட வேண்டுமாம். காற்புள்ளிக்கு ஓர் அட்சரம், அரைப்புள்ளிக்கு இரண்டு. எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் தாரஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரஸ்தாயி. தலைக்கு மேல் கோடிட்டால் வேகம் இரட்டிக்கும். ஆவர்த்தனம் முடியுமிடத்தில் இரட்டைக்கோடு. இவ்வடையாளங்களை ஒரே மாலையில் கற்றுவிடலாம். அவை தொண்டைக்கு வந்து சேரத்தான் ஆண்டுகள் ஆகும். தமிழ்ப் பிள்ளைகள் பொருள் புரிந்து பாடவேண்டுமென்று தமிழிலேயே கீதங்கள் இயற்றியவர் பண்டிதர் என்று அவர் சொன்னதும் என் தேடல் தொடங்கிற்று.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே பிடிலும் கற்றார். பின்னர் ஆசிரியப் பணியேற்றுத் தஞ்சைக்கு வந்தவர், மருத்துவத்தில் பெயரும் பொருளும் ஈட்டினார். நகருக்கு வெளியே தோட்டம் அமைத்து மூலிகையும் பயிரும் வளர்த்தார். இவ்வளவோடு நின்றிருந்தாலே ஊர் அவரைப் போற்றியிருக்கும்.

அவர் நிற்கவில்லை. பிச்சைமுத்துப் பிள்ளை என்பாரிடம் மேனாட்டு இசையைப் பயின்றார். தஞ்சைக்கு அது புதிதன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) அவையிலேயே ஐரோப்பிய வாத்திய இசை முழங்கியிருக்கிறது. மேனாட்டார் ஐந்து கோடுகளும் அவற்றின் நடுவே நான்கு இடைவெளிகளும் வரைந்து இசையை எழுதுவர். குறி நிற்கும் உயரம் சுரத்தைக் காட்டும். அதன் வடிவம் கால அளவைக் காட்டும். நம் ஸட்ஜமோ பாடுவோர் குரலுக்கேற்ப எங்கும் அமரும். அவர்கள் கோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அது பியானோவின் குறிப்பிட்ட ஒரு கட்டையையே சுட்டும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். அப்படியானால் நம் நூல்கள் கூறும் இருபத்திரண்டு சுருதிகளின் கணக்கு எங்ஙனம் பொருந்தும்?

இக்கேள்வி பண்டிதரின் பிற்கால வாழ்வையே எடுத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, ஆயப்பாலையில் பன்னிரண்டும் வட்டப்பாலையில் இருபத்து நான்கும் கண்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் நிறுவினார். மாநாடுகளுக்கு வித்துவான்களை அழைத்துச் செலவையும் தாமே ஏற்றார். மருந்து விற்ற பணம் சுருதிக் கணக்குக்குப் போயிற்று! 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் பெண்மக்களையும் அழைத்துச் சென்று, இசைத்துக் காட்டச் செய்தார். எல்லாரும் ஒப்பவில்லை. மறு ஆண்டே, 1917-இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது.

இருபத்திரண்டா இருபத்து நான்கா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தோடியின் காந்தாரம் அசையும் விதத்தை எந்தப் புள்ளியாலும் முழுதாகக் காட்டமுடியாது என்பது மட்டும் பாடிப் பார்த்ததில் தெரிகிறது. ஆயினும், குருவின் வாயோடு போய்விட்ட உருப்படிகள் நம் காவிரிக்கரையில் எத்தனையோ! ஏட்டில் ஏறியவை எலும்புக்கூடாகவேனும் நமக்கு மிஞ்சின. ஊரே கைகூப்பும் வைத்தியர் ஒருவர், மாணவராய் அமர்ந்து கோடும் குறியும் கற்றதை எண்ணுந்தோறும் என் சோம்பல் என்னை உறுத்துகிறது.

பண்டிதர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மறைந்தார். அவர் மைந்தர் வரகுண பாண்டியன் யாழாராய்ச்சியில் இறங்கி நூலெழுதினார். நான் அந்தக் கீத நூலில் இன்னும் நான்காம் பக்கத்தில் இருக்கிறேன். அரைப்புள்ளியில் நிற்பதில்லை, மேற்கோடு வந்தால்தான் நாக்கு தடுக்குகிறது.