துணியைப் பிரித்துப் படித்த பெண்

உடை தைப்பதற்கும் ஒரு கலாசாலையா என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த பிரெடரிக் என்னும் சிறு பட்டணத்தில், 1920-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் இதைப் பற்றி ஒரு வழக்கே நடந்தது. தகப்பனார் பாங்கித் தலைவர். மாகாண செனட்டிலும் அங்கம் வகித்தவர். மூத்த பெண்ணுக்கோ நியூயார்க் போய் உடை அமைக்கும் கலையைக் கற்க வேண்டும் என்று ஆசை. பதினாறு பதினேழு வயதுப் பெண்ணை அவ்வளவு பெரிய நகரத்தில் தனியே விடுவதா என்று தகப்பனார் மறுத்துவிட்டார்.

அந்தப் பெண்தான் கிளேர் மக்கார்டெல். 1955-ஆம் வருஷம் மே மாதம் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவருடைய படம் வெளிவந்தது. உடை அமைப்பவருக்கு அந்த அட்டையில் இடம் கிடைப்பது மிக அபூர்வம்.

1905 மே 24-ந் தேதி பிறந்தவர் அவர். தாயார் வாங்கும் நாகரிகப் பத்திரிகைகளில் உள்ள உருவங்களைக் கத்தரித்து, ஒன்றின் சட்டையை இன்னொன்றின் பாவாடையோடு ஒட்டிப் பார்ப்பது சிறு வயதில் அவருக்குப் பெரிய விளையாட்டு. வீட்டுக்கு வரும் தையற்காரப் பெண்மணியின் பக்கத்தை விட்டு நகர மாட்டார். தம்பிமார் மூன்று பேர். அவர்களுடைய கால்சட்டையில் இருந்த பைகள் பெண் குழந்தைகளின் கவுனில் கிடையாது. பின்னாளில் அவர் அமைத்த உடைகளில் ஆழமான பைகள் தவறாமல் இடம்பெற்றதற்கு வேர் இங்கேயே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க் இல்லை என்று ஆனதும், உள்ளூரில் இருந்த ஹூட் பெண்கள் கலாசாலையில் மனையியல் வகுப்பில் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் அங்கே ஓடிற்று. சமையலிலும் பாடப் புஸ்தகங்களிலும் அவருக்கு நாட்டமே இல்லை. கடைசியில் தகப்பனார் இறங்கி வந்தார். பின்னாளில் பார்சன்ஸ் என்று பெயர் பெற்ற, அக்காலத்தில் 'நியூயார்க் நுண்கலை மற்றும் பயன்கலைப் பள்ளி' எனப்பட்ட ஸ்தாபனத்தில் கிளேர் சேர்ந்தார்.

இந்தப் பள்ளியைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் இருந்தது. அது வெறும் தையல் பள்ளி அல்ல. 1896-ல் ஓர் ஓவியர் ஆரம்பித்தது; சித்திரமும் வர்ணமும் அங்கே உடைக் கலைக்கு அஸ்திவாரம். அதைவிட முக்கியம், 1921 முதல் பாரிஸில் அதற்கு ஒரு கிளை இருந்தது. உடை உலகத்துக்கு அக்காலத்தில் பாரிஸ்தான் தலைநகரம். கிளேர் 1927-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பாரிஸில் அவர் கற்ற பெரிய பாடம் எந்த வகுப்பிலும் நடக்கவில்லை. பருவம் முடிந்ததும் பெரிய உடை நிலையங்கள் தங்கள் மாதிரி உடைகளை மலிவு விலைக்குத் தள்ளும். கிளேரும் தோழிகளும் காசைச் சேர்த்து அவற்றை வாங்கி வருவார்கள். உடுத்தி அழகு பார்ப்பது மட்டும் அல்ல நோக்கம். தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக விரித்து, எது எதனோடு எப்படிச் சேர்ந்தது என்று ஆராய்வார்கள். மதலேன் வியோனே என்ற பிரெஞ்சு அம்மையாரின் உடைகள்தான் கிளேரை அதிகம் கவர்ந்தன. நம் தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வார்களே, அப்படித் துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டுவதில் வியோனே நிகரற்றவர். நேராக வெட்டிய துணி விறைத்து நிற்கும். சாய்வாக வெட்டியது இழுத்துக் கொடுத்து உடம்போடு இழையும். உள்ளே கட்டும் பட்டையும் கம்பியும் வேண்டாம். ஒரு உடையைப் படம் வரைந்து பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. பிரித்தால்தான் தெரியும்.

1928-ல் சான்றிதழ் கைக்கு வந்தது, வேலை வரவில்லை. விளக்குக் கூடுகளில் ரோஜா மொட்டு வரைந்தார். கடையில் உடைகளை உடுத்திக் காட்டும் பெண்ணாக நின்றார். பிறகு ராபர்ட் டர்க் என்ற உடை அமைப்பாளருக்கு உதவியாளரானார். டர்க் 'டௌன்லி பிராக்ஸ்' என்னும் ரெடிமேட் கம்பெனிக்குப் போனபோது இவரையும் கூட அழைத்துச் சென்றார். 1932-ல் டர்க் நீரில் மூழ்கி இறந்தார். அந்தப் பருவத்துக்கான உடைகள் பாதியில் நின்றன. உதவியாளர் கையில் மீதி வேலையை ஒப்படைத்தார்கள். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

நியூயார்க் ரெடிமேட் வியாபாரம் அந்நாளில் நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை பாரிஸுக்கு ஆள் அனுப்புவார்கள். அங்கே பார்த்ததை இங்கே காப்பி அடித்து விற்பார்கள். இதை யாரும் வெட்கமாக நினைத்ததில்லை. கிளேரையும் அனுப்பினார்கள். அவருக்கோ அதில் மனம் ஒப்பவில்லை. வேலைக்காரி உதவியில்லாமல் தானே உடுத்தி, தானே ஓடி, தானே உத்தியோகம் பார்க்கும் அமெரிக்கப் பெண்ணுக்கு பாரிஸ் சீமாட்டியின் கவுன் எதற்கு? முதுகில் இருந்த ஜிப்பை எட்டும்படி விலாவுக்குக் கொண்டுவந்தார். ஒன்றோடொன்று மாற்றி உடுத்தும் தனித்தனி உருப்படிகளை 1934-லேயே செய்து பார்த்தார். கடைக்காரர்களுக்கு அவற்றை எப்படி விற்பதென்று தெரியவில்லை.

1938-ல் வந்தது 'துறவி உடை' என்று பேர் வாங்கிய கவுன். இடுப்பில் தையல் இல்லை, 'டார்ட்' இல்லை. தோளிலிருந்து கூடாரம்போல் தொங்கும். ஹாங்கரில் மாட்டினால் கோணிப்பை. உடுத்தி ஒரு வாரைக் கட்டினால் அவரவர் உடம்புக்கு அமைந்துவிடும். பாரிஸில் பிரித்துப் பார்த்த சாய்வு வெட்டு இங்கே பலித்தது. நியூயார்க் கடை ஒன்று நூறு வாங்கி ஒரே நாளில் விற்றுத் தீர்த்தது என்பார்கள். உடனே போட்டிக் கம்பெனிகள் அதையே காப்பி அடித்தன. அதை எதிர்த்து வழக்காடிய செலவும் சேர்ந்து டௌன்லி கதவை மூடிற்று. காப்பி அடித்தே வளர்ந்த தொழில் தன் பிள்ளையையே கடித்த கதை இது.

சிறிது காலம் ஹாட்டி கார்னெகி அம்மையாரின் நிலையத்தில் இருந்தார். அங்கு வந்த தனவந்தர் மனைவிகளுக்கு இவருடைய எளிமை பிடிக்கவில்லை. 1940-ல் டௌன்லி மறுபடி திறந்தபோது, அடால்ஃப் க்ளைன் என்ற பங்குதாரர் இவரை அழைத்து, லேபிளில் இவர் பெயரையே போட்டார். ரெடிமேட் உடை அமைப்பவரின் பெயர் வெளியில் தெரிவது அப்போது அபூர்வம்.

அந்த வருஷமே பாரிஸ் ஜெர்மானியர் வசமாயிற்று. காப்பி அடிக்க யாரும் போக முடியாது. சொந்தச் சரக்கு உள்ளவருக்கு அது வேளை. யுத்தத்தால் வேலையாட்கள் தொழிற்சாலைக்குப் போய்விட, வீட்டு வேலை எஜமானிகள் தலையில் விழுந்தது. 1942-ல் கிளேர் டெனிமில் ஒரு சுற்றுக் கவுன் செய்தார். விலை 6 டாலர் 95 சென்ட். அதோடு, சூடான பாத்திரத்தை இறக்கும் கையுறை ஒன்றும் இணைத்திருந்தது; நம் அடுக்களைக் கரித்துணிக்கு அண்ணன் முறை. அடுப்பை விட்டு அப்படியே விருந்தாளியிடம் வரலாம். முதல் பருவத்தில் மட்டும் 75,000 விற்றதாகக் கணக்கு. விருப்பமில்லாமல் உட்கார்ந்த அந்த மனையியல் வகுப்பு வீணாகவில்லையோ என்று இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது.

1943-ல் இர்விங் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்தார். 1950-ல் பத்திரிகைப் பெண்கள் சங்கத்தின் விருதை ஜனாதிபதி ட்ரூமன் கையால் பெற்றார். தாம் படித்த பள்ளிக்கே போய் மாணவர்களின் வேலையைப் பார்த்துக் குறை நிறை சொன்னார்.

1957-ல் புற்றுநோய் கண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே கடைசிப் பருவத்தின் உடைகளைச் செய்து முடித்தார். கூட இருந்து உதவியவர் மில்ட்ரெட் ஆரிக். பள்ளியில் உடன் படித்த தோழி. 1958 மார்ச் 22-ந் தேதி, ஐம்பத்திரண்டாம் வயதில் கிளேர் காலமானார். வேறொருவரை வைத்து அந்தப் பெயரை நடத்தக் குடும்பத்தாருக்கு இஷ்டமில்லை, லேபிளை நிறுத்திவிட்டார்கள். பிரெடரிக் பட்டணத்தில், ஓடைக் கரைப் பூங்காவில், 2021-ல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.