எல்பிரிட்ஜ் கெரியும் அவர் பெயர் கொண்ட சொல்லும்

ஆங்கில அரசியற் கட்டுரைகளைப் பயிலுங்கால் நம்மனோர்க்குப் பெரிதும் இடர் விளைப்பன, அகராதி கூறும் நேர்ப்பொருளை விட்டுப் பிறிதொன்றைக் குறித்து வரும் உருவகச் சொற்களேயாம். அவற்றுள் ‘ஜெரிமாண்டர்’ என்பதும் ஒன்று. ஒரு கட்சியார் தாமே வெல்லுமாறு தேர்தல் தொகுதிகளின் எல்லையைக் கோணலாக வகுத்தலை அது குறிக்கும். இச்சொல்லினுள் ஒரு பெருமகனாரின் பெயர் மறைந்து கிடக்கின்றது. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எல்பிரிட்ஜ் கெரி 1744-ஆம் ஆண்டு, அந்நாளில் ஆங்கிலேயர் குடியேற்ற நாடாக இருந்த மாசசூசெட்ஸில், மார்பிள்ஹெட் என்னும் துறைமுக ஊரிற் பிறந்தார். தந்தையார் கடல் வாணிகர். 1762-இல் ஹார்வர்டு கல்லூரியிற் பட்டம் பெற்ற கெரி, குடும்ப வாணிகத்தில் ஈடுபட்டுப் பின்னர் நாட்டுப் பணியிற் புகுந்தார். 1776-ஆம் ஆண்டின் விடுதலைச் சாசனத்திற் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். 1787-இல் பிலதெல்பியாவில் அரசியலமைப்பு வகுத்த அவையில் இறுதிவரை அமர்ந்திருந்தும், கையொப்பமிட மறுத்த மூவருள்ளும் அவர் ஒருவர். குடிமக்கள் உரிமையைக் காக்கும் விதிகள் அதன்கண் இல்லாமை அவர் காட்டிய குறைகளுள் ஒன்று. அத்தகைய விதிகள் 1791-இல் சேர்க்கப்பட்டன.

1810-இல் அவர் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். 1812 பிப்ரவரியில் அவர் கட்சியார், மேலவைத் தொகுதிகளைத் தமக்கேற்ப வகுத்துச் சட்டமியற்றினர். கெரி அதிற் கையொப்பமிட்டார். அவர் பிறந்த எஸ்ஸெக்ஸ் வட்டாரத்துத் தொகுதியொன்று வளைந்து நெளிந்து கிடந்தது. மார்ச்சுத் திங்களிற் பாஸ்டன் நகரத்து எதிர்க்கட்சி இதழொன்று, அதன் படத்திற்குச் சிறகும் நகமும் எழுதி வெளியிட்டது. பல்லி போன்ற சாலமாண்டர் என்னும் உயிரின் பெயரோடு ஆளுநர் பெயரை ஒட்டி, அதற்குப் புதுப்பெயரும் இட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியார் மிகுதியான வாக்குப் பெற்றும், மேலவையின் 40 இடங்களுள் 29 கெரியின் கட்சிக்கே சென்றன. தொகுதி எல்லைகள் உதவ இயலாத ஆளுநர் தேர்தலிலோ கெரி தோல்வியுற்றார்.

1813-இல் ஜேம்ஸ் மாடிசன் தலைமையில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரான அவர், அப்பதவியில் இருக்கும்போதே 1814 நவம்பர் 23-ஆம் நாள் வாஷிங்டனில் உயிர் நீத்தார்.

செய்தோன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆவதை நம் இலக்கண நூலார் கருத்தாவாகுபெயர் என்பர். அத்தொகுதியை வகுத்த கருத்தாக்களோ பலர். பெயர் சுமந்தவர் ஒருவரே. அவர் பெயரின் ‘கெ’ என்னும் ஒலியும் உலக வழக்கில் ‘ஜெ’ எனத் திரிந்தது. ஆயினும், 1787-இல் கையொப்பமிட மறுத்தவர் 1812-இல் மறுத்தாரல்லர். அப்பொறுப்பு அவரையே சாரும். இவ்வகைச் சொற்களைக் காணுமிடத்து அவற்றின் பொருளை மட்டுமன்றி, அவற்றைப் படைத்தவர் எக்கட்சியார் என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும். எதிரிகள் இட்ட பெயரில் உண்மையும் உண்டு; விடுபட்டனவும் உண்டு.