தன் படத்தைத் தானே விற்ற அம்மா



இந்த மலருக்குப் படம் எடுக்க வந்தப்போ நம்மில் பாதிப் பேர் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டோம். நானும்தான். சில வருஷம் முன்னாடி ஒரு பிரச்சாரத் தட்டியில் என்னைக் கேட்காமலே என் படத்தைப் போட்டாங்க. கடன் காசோலை வாங்க நீட்டின கை, அதில் கையேந்துற மாதிரி தெரிஞ்சுது. அந்தக் கடனை வட்டியோட கட்டினவ நான். ஆனா ஊர் பார்த்தது படத்தைத்தான்.

அதனாலதான் சோஜர்னர் ட்ரூத் அம்மாவின் கதை என் மனசுல நிக்குது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1797 வாக்கில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். இசபெல்லா என்று பெயர். ஒன்பது வயது வாக்கில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டார். 1826-இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஜமானர் வீட்டிலிருந்து நடந்தே வெளியேறினார். மாநிலத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும், மகன் பீட்டரை அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இந்தம்மா கோர்ட்டுப் படியேறி, 1828-இல் மகனை மீட்டார். 1843-இல் தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டு, அடிமை முறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசினார்.

அந்தக் காலத்துப் பிரச்சாரப் படங்களில் மண்டியிட்ட அடிமையும் சவுக்குத் தழும்பேறிய முதுகும்தான் அதிகம். பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரும், மரியாதை வருமா? இந்தம்மா 1863 முதல் ஸ்டுடியோக்களில் தன் விருப்பப்படி உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக் கண்ணாடி, கையில் பின்னல் வேலை, மேசையில் புத்தகமும் பூவும். அந்தச் சின்ன அட்டைப் படங்களைக் கூட்டங்களில் விற்றுத் தன் செலவைப் பார்த்துக்கொண்டார். வழக்கமாக அட்டையில் படம் எடுத்தவர் பெயர்தான் இருக்கும். இவரோ 1864-இல் உரிமை தன்னுடையது என்றே அச்சடிக்க வைத்தார். ஒரு காலத்தில் அவரை மற்றவர்கள் விற்றார்கள். இப்போது தன் படத்தை அவரே விற்றார். 1883-இல் மிச்சிகனில் காலமானார்.

இந்தக் கதையைப் பேசித்தான் நம்ம கூட்டத்தில் முடிவு எடுத்தோம். கேட்காம யாரையும் படம் எடுக்கக் கூடாது. எந்தப் படம் போகணும்னு அவங்களே சொல்லணும். சக்கர நாற்காலியில் வர்ற அக்காவும் வயசான ஆத்தாவும் ஓரத்துல இல்ல, நடுவுல இருக்கணும்.

இந்த மலரில் என் படம் கணக்கு நோட்டோட இருக்கு. நானே பார்த்துக் கொடுத்தது.