அகலியாபாய் அம்மையார்

போரினால் அழிந்த திருக்கோயில்களை மீட்டும் எடுப்பித்தாருள் ஓல்கர் மரபின் அகலியாபாய் அம்மையாரை யாம் முதற்கண் வைத்து எண்ணுகின்றோம். 1725-இல் மராட்டிய நாட்டுச் சௌண்டி என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், 1754-இல் கும்பேர்க் கோட்டை முற்றுகையிற் கணவரையும், 1766-இல் மாமனார் மல்கர்ராவையும், 1767-இல் ஒரே மைந்தரையும் இழந்தார். அதன்பின் ஆட்சியேற்று, நருமதைக் கரையிலுள்ள மகேசுவரத்தைத் தலைநகராக்கிச் செங்கோல் செலுத்தினார்.

சோமநாதம் 1026-இல் கஜினி மாமூதின் படையெடுப்பாற் சிதைந்து, பின்னரும் பன்முறை எடுக்கப்படுவதும் இடிக்கப்படுவதுமாய் இருந்தது. 1783-இல் அம்மையார் அப்பாழிடத்தின் அணித்தே புதுக்கோயில் எடுத்து, சிவலிங்கத்தை நிலவறையில் நிறுவுவித்தார். 1669-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்ட காசி விசுவநாதர் ஆலயத்தையும் 1780-இல் அவ்வாறே பழைய இடத்தின் அருகில் எழுப்பினார். இவ்வறங்கட்குத் தமக்குரிய தனிப்பொருளைச் செலவிட்டார்.

பழைய நிலத்தைப் பொருது பெறுதலினும், நின்றுபோன பூசை மீள நடைபெறுதலே பெரிதென அவர் கொண்டமை இச்செயல்களாற் புலனாம். 1795-இல் அவர் சிவபதம் எய்தினார். சோமநாதத்தில் 1951-இல் பழைய இடத்திலேயே புதிய பெருங்கோயிலிற் சிவலிங்கம் நிறுவப்பெற்ற பின்னும், அம்மையார் கோயிலிற் பூசை ஒழிந்திலது. திருப்பணி செய்வார் முதற்கண் நாடற்குரியது பூசையே என யாம் துணிகின்றோம்.