ரூபாய்க்கு எடை போட்ட ராஜா

கேண்டீன்ல டீ குடிச்சிட்டு ஜிபேயில பத்து ரூபாய் அனுப்புறோமே, அந்த ரூபாயை நிலைக்க வைத்தவர் டெல்லியில் ஆண்டது ஐந்தே வருஷம்தான். அவர்தான் ஷேர் ஷா சூரி.

இயற்பெயர் ஃபரீத். அப்பா ஹசன் கான், பீகாரில் சசாராம் பகுதியின் ஜாகீர்தார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஜான்பூர் போய்ப் படித்தார். திரும்பி வந்து அப்பாவின் ஜாகீரை நிர்வகித்தபோதே நிலத்தை அளந்து வரி போடப் பழகிவிட்டார். புலியைக் கொன்றதால் ஷேர் கான் என்ற பட்டம் கிடைத்தது. கொஞ்ச நாள் பாபரிடமும் வேலை பார்த்தார். பிறகு அந்த பாபரின் மகன் ஹுமாயூனையே 1539-இல் சௌசாவிலும் 1540-இல் கன்னோசியிலும் தோற்கடித்து நாட்டை விட்டே விரட்டினார்.

அப்போது புழங்கிய காசுகளில் பல, வெள்ளியும் செம்பும் கலந்தவை. எதில் எவ்வளவு வெள்ளின்னு பார்த்தா தெரியாது. ஏமாறுவது சாதாரண ஜனங்கதான். ஷேர் ஷா அந்தக் கலப்புக் காசை ஒழித்தார். வெள்ளிக்குத் தனிக் காசு, செம்புக்குத் தனிக் காசு. வெள்ளி ரூபியாவின் எடை 178 கிரெய்ன், அதாவது சுமார் 11.5 கிராம். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தாலும் அதே எடைதான். வங்காளத்தின் சோனார்கானிலிருந்து சிந்து நதி வரை சாலையைச் சீராக்கி, வழியெங்கும் சத்திரங்களும் கட்டினார். வியாபாரி பயமில்லாமல் போக வழி, போற இடத்தில் செல்லுபடியாக ஒரு காசு!

ஆனால் அவரை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. 1543-இல் ராய்சென் கோட்டையை முற்றுகையிட்டபோது, உயிருக்குப் பாதுகாப்பு தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் பூரண்மல்லை வெளியே வரவைத்தார். பிறகு அந்த வாக்கை மீறி, அவரையும் அவருடைய ஆட்களையும் அழித்தார். காசில் காட்டிய நேர்மையைச் சொன்ன சொல்லில் காட்டவில்லை.

1545-இல் காலிஞ்சர் கோட்டை முற்றுகையில், வீசிய வெடி ஒன்று சுவரில் பட்டுத் திரும்பி வந்து வெடிமருந்துக் குவியலில் விழுந்தது. அந்தத் தீக்காயத்தில் இறந்தார். 1555-இல் ஹுமாயூன் திரும்பி வந்து டெல்லியைப் பிடித்ததும் சூரி வம்சத்தின் கதை கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. ஆனா எதிரியின் காசு ஆச்சேன்னு முகலாயர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. அக்பரும் அதே எடையை ஒட்டித்தான் ரூபாய் அடித்தார். 1835-இல் கிழக்கிந்திய கம்பெனி அடித்த ரூபாய் 180 கிரெய்ன். கிட்டத்தட்ட 300 வருஷத்தில் வித்தியாசம் வெறும் 2 கிரெய்ன்!